மூக்குச் சட்டம்

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருந்தது என்பது போதும். பெயரைச் சொன்னால் அங்கே இன்னும் இருக்கிற பழைய கவுன்சிலர்களின் பேரப்பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சண்டைக்குப் பயந்தவள் இல்லை நான். ஆனால் இந்த வயதில் நாலு வார்த்தை சத்தம் போட்டாலே மூச்சு வாங்குகிறது.

ஊர் என்றதும் அதன் வாசனைதான் முதலில் ஞாபகம் வருகிறது என்று எழுத ஆசை. எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வாசனையே தெரியாது. ஆற்றங்கரை நெடுக வரிசையாகத் தோல் ஷாப்புகள். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் பேர். சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற ஆட்டுத் தோல், ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர், கடுக்காய்த் தூள், வெயிலில் காய்கிற மயிர், எல்லாம் கலந்து ஊரின்மேல் கவிந்திருக்கும். ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷனுக்கு முன்பே ஜன்னல்களைச் சாத்துவார்கள். இவர்கள் எதற்குச் சாத்துகிறார்கள் என்று நாங்கள் வேடிக்கை பார்ப்போம். வேலூரில் டீச்சர் டிரெயினிங் முடித்துத் திரும்பி வந்த அன்றுதான் அது முதல் தடவையாக என் மூக்கில் ஏறியது. ஒரு வாரம் போவதற்குள் பழையபடி காணாமல் போய்விட்டது. இன்று நான் இருக்கிற தெருவில் சோப்பும் பெட்ரோலும்தான் மணக்கிறது. அந்தப் பழைய நாற்றம் ஒரே ஒரு தடவை வந்து போனால் தேவலை என்று சில சாயங்காலங்களில் ஏங்கிப் போகிறேன்.

அம்மாவுக்கு ஷாப்பில் மயிர் கழுவுகிற வேலை. சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து ஆண்கள் மழித்துத் தள்ளும் ஆட்டு மயிரைப் பெண்கள் கூடையில் அள்ளி, தொட்டியில் அலசி, மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். காலையில் இறங்கினால் பொழுது சாயும்வரை இடுப்புக்குக் கீழே ஈரம்தான். அப்பா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே காலராவில் போய்விட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததும், இனி ஷாப்புக்குப் போகவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். போகாமல் உன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் வேலையை விடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை முடிந்து வருகிற வழியில்தான் மார்க்கெட். அம்மாவின் நாளில் அவளுக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் அவள் பின்வரிசையில் தூங்கிவிடுவாள். திருவிழா, கல்யாணம் எதிலும் அவளுக்குப் பெரிய நாட்டமில்லை. மார்க்கெட் என்றால் மட்டும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிடும்.

முனிசிபாலிட்டி கட்டிக் கொடுத்த ஓட்டுக் கொட்டகை அது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், ஒடுகத்தூரிலிருந்து மண் ஒட்டிக்கொண்டு வரும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, ஆலங்காயம் மலையிலிருந்து கூடை கூடையாக சீதாப்பழம். ஷாப்புப் பெண்கள் பொழுது சாய்கிற நேரத்தில் ஈரப் புடவையோடு கூட்டமாக வருவார்கள். எல்லாரும் முதலில் வாங்குவது வாசலில் விற்கும் மரிக்கொழுந்து. ஒரு கொத்தைத் தலையில் சொருகிக்கொண்டு பிறகுதான் காய்ப் பக்கம் போவார்கள். அது எங்கள் பெண்களின் வழக்கம். எதற்கு என்று அம்மாவைக் கேட்டபோது, மரிக்கொழுந்து வைக்காமல் மார்க்கெட்டுக்குப் போனால் மார்க்கெட்டுக்குப் போன மாதிரியே இருக்காது என்றாள்.

பேரம் பேசுவதில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பாள், கடைக்காரி கத்துவாள், அம்மா பதிலுக்குக் கத்துவாள், கடைசியில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பிரிவார்கள். நான் போய் வாங்கி வந்தால் எல்லாக் காயும் முற்றல் என்று தூக்கிப் போட்டுவிடுவாள். அங்கே யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டுவாள். விளக்குக்கு மண்ணெண்ணெய் செலவாகும் என்று முனிசிபாலிட்டி இருட்டுவதற்குள் மார்க்கெட்டைப் பூட்டிவிடும். அதனால் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது என்கிற பேச்சுக்கே இடமில்லை. வேலையிலிருந்து நேராகப் போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இப்படி இருந்த ஊரில் சேர்மனின் மாப்பிள்ளை தலை தீபாவளிக்கு வந்தார்.

சேர்மன் நெல் மில் வைத்திருந்தவர். மனிதர் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் சேர்மன் ஆனதிலிருந்து தன்னை ராஜா என்றும் முனிசிபல் எல்லையைத் தன் ராஜ்ஜியம் என்றும் நினைத்துக்கொண்டுவிட்டார். மாப்பிள்ளை தஞ்சாவூர்ப் பக்கம். தான் கட்டிய மார்க்கெட்டை மாப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. சாயங்காலமாகக் கூட்டிப் போனார். அதே நேரம் பார்த்து ஷாப்புப் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தார். மறுநாள் பட்சணம்கூடச் சாப்பிடாமல் ரயிலேறிவிட்டார். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. அம்மா அந்த வாந்தியை நடித்துக் காட்டியபோது நான் பாயில் விழுந்து சிரித்தேன்.

சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அடுத்த கவுன்சில் கூட்டத்தில் சேர்மன் ஒரு பைலா கொண்டுவந்தார். பைலா என்றால் முனிசிபாலிட்டி தன் எல்லைக்குள் போட்டுக்கொள்ளும் குட்டிச் சட்டம். தோல் ஷாப்பு வேலையின் ஈரமும் துர்நாற்றமும் உடம்பிலோ உடையிலோ உள்ள எவரும் முனிசிபல் மார்க்கெட்டுக்குள் வரக்கூடாது, வந்தால் அபராதம் என்பதுதான் விஷயம். கவுன்சிலில் ஒரே ஒருவர் எதிர்த்தார். அவர் ஷாப்பு வைத்திருந்த ஒரு பாய். என் மேலேயும் இந்த வாசனைதான் வருகிறது, நான் எந்த மார்க்கெட்டுக்குப் போவது என்று கேட்டாராம். உங்களை யார் சொன்னார்கள் பாய் என்று எல்லாரும் சிரித்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். மறுநாள் தெருத்தெருவாகத் தமுக்கு அடித்துச் சொன்னார்கள்.

போட்ட பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. நாற்றத்தை மோந்து பார்ப்பது யார்? முனிசிபல் சேவகர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் மூக்குக்கு எதுவும் தெரியாது. இப்படி ஒரு சட்டத்தை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் கும்பகோணத்துப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த சானிட்டரி இன்ஸ்பெக்டரை வாசலில் நிறுத்தினார்கள்.

முதல் நாள் கூத்தை நானே பார்த்தேன். பாவம், அந்த மனிதருக்கு எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே மாதிரிதான் நாறினார்கள். பாயின் கணக்குப்பிள்ளையை நிறுத்தினார். மரிக்கொழுந்து விற்பவளை நிறுத்தினார். சேர்மன் வீட்டுச் சமையற்காரரைப் பையும் கையுமாகத் திருப்பி அனுப்பினார். தரையில் தூசு அடங்க மார்க்கெட்டுக்குள் தண்ணீர் தெளிக்க வந்த முனிசிபல் ஆளின் தோளில் தொங்கியது ஈரத் தோல் பை. அவரையும் நிறுத்தவேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் அதற்கு மூக்குச் சட்டம் என்று பேர் விழுந்தது.

மறுநாளே சேர்மனிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது. மோந்து பார்க்கவேண்டாம், ஷாப்புப் பக்கமிருந்து ஈரப் புடவையோடு வரும் பெண்களை மட்டும் நிறுத்தினால் போதும் என்று. அதாவது மூக்கை விட்டுவிட்டுக் கண்ணால் பார். அந்த வேலைக்கு எந்தத் தெருப் பெண்கள் போகிறார்கள் என்பது சேர்மனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெருவின் பேரை எழுதத் தைரியம் இல்லாமல் நாற்றம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று மூன்றாம் வகுப்பில் ஒரு காரணமும் இல்லாமல் எல்லாரையும் அதட்டினேன்.

மற்ற பெண்கள், வியாபாரிகள் ஷாப்பு வாசலுக்கே கொண்டுவந்து விற்ற வாடல் கீரையையும் அழுகல் தக்காளியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மா அவற்றைத் தொடவில்லை. நான் வாங்கி வருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் மரிக்கொழுந்தைச் சொருகிக்கொண்டு இன்ஸ்பெக்டருக்கு முன்னாலேயே நடந்து உள்ளே போய்விட்டாள். அவர் வழியை மறித்திருக்கிறார். கூடையால் அவர் கையை ஒதுக்கிவிட்டு, ஒரு படி மல்லாட்டையும் அரை வீசைக் கத்திரிக்காயும் பேரம் பேசி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

வழக்குப் போட்டார்கள். எங்கள் ஊர் பெஞ்சு கோர்ட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் சம்பளமில்லாத கௌரவ மாஜிஸ்திரேட்டுகள், எல்லாரும் சேர்மனோடு சீட்டாடுகிறவர்கள். அபராதம், கட்டாவிட்டால் வேலூர் ஜெயில் என்று சொல்லிவிட்டார்கள். நான் கட்டிவிடுகிறேன் என்றேன். கட்டினால் உன் கையால் ஒரு வாய் சோறு தின்னமாட்டேன் என்றாள் அம்மா. அவள் சொன்னால் செய்கிறவள். கெடு முடிவதற்குள் எங்காவது வழி பிறக்காதா என்று அலைந்தேன். பாய்தான் வேலூரில் ஒரு வக்கீலைச் சொன்னார்.

வக்கீல் சின்ன வயதுக்காரர். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இருந்தார். ஓயாமல் பொடி போடுவார், பேச்சுக்குப் பேச்சு தும்முவார். நான் கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சந்தோஷம் பொங்கியது. எங்கள் கஷ்டத்தில் இவருக்கு என்ன கொண்டாட்டம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவரே விளக்கினார். முனிசிபாலிட்டிக்குச் சொந்தமாக எந்த அதிகாரமும் கிடையாது. மதராஸில் போட்ட ஒரு சட்டம் அதன் கையில் சிலதைக் கொடுத்திருக்கிறது. மார்க்கெட்டை எப்போது திறப்பது, எப்படிப் பெருக்குவது, என்ன வாடகை வாங்குவது, தொத்து வியாதிக்காரர்களை நிறுத்துவது, இவ்வளவுதான். வாடகை வீட்டில் குடியிருக்கிறவன் சுவரை இடிக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி என்றார். பொது மார்க்கெட் என்று ஒன்றைக் கட்டிவிட்டு, இன்ன வேலை செய்கிறவர் வரக்கூடாது என்று சொல்ல அந்தச் சட்டத்தில் எங்கேயும் இடமில்லை. இதைக் கேட்டபோது என் மனதில் சேர்மனின் கிரீடம் கழன்று விழுந்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கு மேலே இப்படி ஒரு கோடு இருக்கிறது என்று அன்றுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அப்பீலுக்கு அம்மாவும் நானும் ரயிலில் காட்பாடி போய் அங்கிருந்து வேலூருக்கு ஜட்கா வண்டி பிடித்தோம். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். ரயிலில் ஏறியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் என்ன காய் விற்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கேஸைப் பற்றிக் கவலையே இல்லாதவள் மாதிரி இருந்தாள். ஆனால் கோர்ட்டு வாசலில் என் கையைப் பிடித்தவள் உள்ளே போகும்வரை விடவில்லை.

முனிசிபாலிட்டி வக்கீல் எழுந்து பொது சுகாதாரம், நாகரிகம், நகர முன்னேற்றம் என்று நிறையப் பேசினார். எங்கள் வக்கீல், தண்ணீர் தெளிக்கிறவரின் தோல் பை உள்ளே போகலாமா என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. இந்த அம்மாள்மேல் நாற்றம் அடித்ததா இல்லையா என்பது தனக்கு வேண்டாத விஷயம் என்றார். இப்படி ஒரு விதியைப் போட இந்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி, அதிகாரம் இல்லை, ஆகவே விதி செல்லாது, தண்டனையும் செல்லாது என்று முடித்துவிட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வக்கீல் எங்களைக் கோட்டை அகழி ஓரத்தில் உட்காரவைத்து, வறுத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார். அம்மா உரித்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வக்கீலைக் கேட்டாள்.

"சார், நா பண்ணது தப்பில்லன்னு அவுரு சொன்னாரா?"

அப்படிச் சொல்லவில்லை, கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்றுதான் சொன்னார் என்று வக்கீல் பொறுமையாக விளக்கினார்.

"அப்போ அதிகாரம் இருக்கறவன் போட்டா செல்லுமா?"

வக்கீல் பொடி டப்பாவைத் திறந்தார். மதராஸ் சட்டசபை அந்தச் சட்டத்தைத் திருத்திக் கவுன்சிலுக்கு இந்த அதிகாரத்தையும் கொடுத்தால் செல்லும் என்றார். அம்மா விடவில்லை. மதராஸுக்கு அப்படிக் கொடுக்க முடியுமா? முடியும், அவர்களுக்கு மேலேயும் சில வரம்பு இருக்கிறது, டெல்லி இருக்கிறது. டெல்லிக்கு மேலே? லண்டன். லண்டனுக்கு மேலே? அதற்கு மேலே எதுவும் இல்லை அம்மா என்றார் வக்கீல். அவர் முகத்தில் காலையிலிருந்து இருந்த கொண்டாட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"எவனாலயுமே போட முடியாதுன்னு ஒண்ணு இல்லியா சார்?"

அவர் பொடியைக்கூடப் போடாமல் டப்பாவை மூடிவிட்டார். அம்மா மடியிலிருந்த மல்லாட்டைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "அப்போ நா ஜெயிக்கல. அவன்தான் தோத்துட்டான்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஜெயித்த அன்றுகூட ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதா என்று திரும்பும் ரயிலில் அவளோடு சண்டை போட்டேன். அவள் சொன்னதன் பாரம் எனக்குப் புரியப் பல வருஷம் பிடித்தது. எவராலும் போட முடியாது என்று எழுதிவைத்த அரசியல் சாசனம் ஒன்று இந்த நாட்டுக்குப் பிறகு வந்தது. வந்தபோது அதை வரிவரியாகப் படித்தேன். அப்போது அம்மா கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள்.

ஆனால் மறுநாள் சாயங்காலத்தை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. ஷாப்புப் பெண்கள் அத்தனை பேரும் அம்மாவுக்குப் பின்னால் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஓரமாக நின்று எங்கோ பார்த்தார். அவருக்கும் அதில் நிம்மதிதான் என்று நினைக்கிறேன். மரிக்கொழுந்துக்காரி அன்றைக்கு யாரிடமும் பேரம் பேசவில்லை. வெண்டைக்காய்க்காரி அம்மாவைப் பார்த்ததும், வந்துட்டியா, இனி என் காய்க்கு நுனி இருக்காதே என்று கத்தினாள். அம்மா அப்போதே ஒன்றை ஒடித்துக் காட்டினாள். கொட்டகை முழுக்க ஈரப் புடவைகளும் சிரிப்பும் பேரமும். கடைசி வெயில் ஓட்டுச் சந்து வழியாகக் காய்க்குவியல்கள்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் வாங்காமல் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

சில வருஷம் கழிந்தது. பெண்களுக்கும் கவுன்சிலில் ஒரு நியமன இடம் கொடுக்க வேண்டும் என்று மேலே சர்க்காருக்குத் தோன்றியது. ஊரில் இங்கிலீஷ் படித்த பெண் என்று தேடியபோது நான்தான் கிடைத்தேன். சேர்மன் அதே சேர்மன். எனக்குத் தனி நாற்காலி, அதன்மேல் ஒரு வெல்வெட் மெத்தை எல்லாம் போட்டுவைத்தார். மரியாதையில் குறையே வைக்கமாட்டார். முதல் கூட்டங்களில் தெருவிளக்கு, குப்பை வண்டி என்று நேரம் போனது. மார்க்கெட்டை விளக்கு வைத்து இன்னும் கொஞ்ச நேரம் திறந்துவைக்கலாம் என்று நான் கொண்டுவந்த தீர்மானத்தை அவரே தட்டிக்கொடுத்து நிறைவேற்றினார்.

அந்தத் தைரியத்தில், ஷாப்புகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் குளிக்கத் தண்ணீரும் ஒரு மறைப்பும் முதலாளிகள் கட்டித் தரவேண்டும் என்று ஒரு பைலா எழுதிக்கொண்டு போனேன். ராத்திரி உட்கார்ந்து ஆசை ஆசையாக எழுதியது. சேர்மன் அதை முழுக்கப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரொம்ப நல்ல யோசனை டீச்சரம்மா, ஆனால் நமக்கு அந்த அதிகாரம் இல்லையே, வேலூர் கோர்ட்டில் உங்கள் கேஸில்தானே நமக்கு இந்தப் பாடம் கிடைத்தது என்றார். குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வக்கீலுக்கு எழுதிக் கேட்டேன். சேர்மன் சொல்வது சரிதான் என்று பதில் வந்தது. அன்றைக்கு அந்த எல்லைக் கோட்டின்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நம் வாசலில் நிற்கிற போலீஸ்காரர் நம்மையே வெளியே விடாமல் நிறுத்தின மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த கூட்டத்தில்தான் அது வந்தது. அதிகாரம் இல்லை என்பதால்தானே தோற்றோம், அப்படியானால் அதிகாரத்தைக் கேட்டு வாங்குவோம் என்று சேர்மன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சுகாதாரத்துக்கு இடைஞ்சலான வேலை செய்கிறவர்களைப் பொது இடங்களில் வராமல் தடுக்க முனிசிபாலிட்டிகளுக்கு உரிமை கொடுக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மதராஸ் சர்க்காரைக் கேட்டுக்கொள்வது. கேட்டுக்கொள்வதற்கு எந்த அதிகாரமும் தேவையில்லை. யாரும் யாரையும் எதையும் கேட்கலாம்.

நான் எழுந்தேன். நன்றாகப் பேச வேண்டும் என்று நினைத்ததெல்லாம் மறந்துவிட்டது. இந்த நேரத்தில் என் அம்மா அந்த மார்க்கெட்டில் நிற்கிறாள் என்று மட்டும் சொன்னேன். சேர்மன் பதறிப்போனார்.

"ஐயோ டீச்சரம்மா, உங்களையோ உங்க தாயாரையோ யார் சொன்னாங்க?"

"அப்போ யாரைச் சொல்றீங்க?" என்றேன்.

பாய் தலையைக் குனிந்துகொண்டு மேஜையைத் தடவினார். பிறகு கைகள் உயர்ந்தன. நானும் பாயும் மட்டும் எதிர்த்தோம். தீர்மானம் மதராஸுக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்திரிக்காயை அரிந்துகொண்டே, அன்றைக்கே சொன்னேனே என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். பதில் எப்போது வரும் என்று கேட்டாள். தெரியாது, ஒரு மாதத்திலும் வரலாம், ஒரு வருஷத்திலும் வரலாம் என்றேன்.

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் தொடங்கியது. ஷாப்பிலிருந்து வருகிற வழியில் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பாள். மதராசுலேர்ந்து வந்துச்சா என்று கேட்பாள். பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில்தான் கேட்பாள். வரவில்லை என்பேன். தலையை ஆட்டிவிட்டு மார்க்கெட்டுக்கு நடப்பாள். பிள்ளைகளுக்கெல்லாம் இது பழகிவிட்டது. சில நாள் நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே வரவில்லை ஆயா என்று கோரஸ் பாடுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே போவாள். எனக்கும் அது வேடிக்கையாகிப் போனது.

மதராஸிலிருந்து பதில் வரவே இல்லை. எந்த மேஜையில் எந்தக் கட்டுக்கு அடியில் கிடந்ததோ. சேர்மன் இரண்டு தடவை ஞாபகப்படுத்தி எழுதினார், பிறகு அவரும் தேர்தலில் தோற்றுவிட்டார். புதிய சேர்மனுக்கு அப்படி ஒரு தீர்மானம் இருந்ததே தெரியாது. அம்மாவுக்கு முட்டி வீங்கி, தண்ணீரில் நிற்க முடியாமல், ஒரு வழியாக ஷாப்பு வேலையை விட்டாள். அதற்குப் பிறகு சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவாள். குளித்து, காய்ந்த புடவை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துத் தயாராக உட்கார்ந்திருப்பாள்.

அப்படியும் கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அதெல்லாம் முடிந்துபோன கதை அம்மா, வந்தாலும் இனி உனக்குப் பொருந்தாது, நீதான் ஷாப்புக்கே போவதில்லையே என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு படித்தும் இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்கிற பார்வை.

"அத வுடு. வந்துச்சா, வரலியா?"

"வரலம்மா."

"அப்போ இன்னிக்குப் போலாம்" என்று கூடையை எடுத்துக்கொண்டாள்.